பனிக்காலத்து வேப்பர்

போன வாரம் மகனுடைய கார் நடுரோட்டில் நின்றுவிட்டது. நின்றுவிட்டது என்று சொல்வதுகூடச் சரியில்லை. ஓடிக்கொண்டிருந்தது, அப்புறம் ஓடவில்லை, அவ்வளவுதான். ஒரு இருமல் கிடையாது, ஒரு உதறல் கிடையாது. கே.ஜி.கண்டிகையைத் தாண்டி இரண்டு கிலோமீட்டர் போயிருப்போம். ஸ்டீயரிங்குக்குப் பின்னால் மஞ்சளாக ஒரு விளக்கு எரிந்தது. இன்ஜின் படம் போட்ட விளக்கு. மகன் அதைப் பார்த்தான், நானும் பார்த்தேன்.

"இன்ஜின் லைட் எரியுதுப்பா" என்றான்.

"தெரியுது. எதனாலன்னு ஏதாவது சொல்லுதா?"

"அதெல்லாம் சொல்லாது. ஆளு வந்து கம்ப்யூட்டர் போட்டுப் பாத்தாதான் தெரியும்."

இருபத்தெட்டு வருஷம் வாடகைக் கார் ஓட்டியவன் நான். பழக்கதோஷம், இறங்கிப் போய் பானட்டைத் தூக்கினேன். உள்ளே ஒரு பெரிய கறுப்பு பிளாஸ்டிக் மூடி. அதற்குக் கீழேதான் எல்லாம் இருக்கிறதாம். கை வைக்க ஒரு இடம் இல்லை, முறுக்க ஒரு ஸ்குரூ இல்லை. தெரிந்தவர் வீட்டுக்குப் போய்க் கதவு பூட்டியிருப்பதைப் பார்த்துத் திரும்புகிறவன் மாதிரி மூடியை மெதுவாகச் சாத்திவிட்டு வந்தேன். மகன் அதற்குள் போனில் பேசி முடித்திருந்தான். ஒன்றரை மணி நேரம் ஆகுமாம்.

எதிரே ஒரு டீக்கடை. அதன் ஓரமாக ஒருவர் தன்னுடைய பைக் செயினைக் கழற்றி, ஒரு கொட்டாங்குச்சியில் பெட்ரோல் ஊற்றி, பழைய பல் துலக்கும் பிரஷ்ஷால் தேய்த்துக்கொண்டிருந்தார். காற்று இந்தப் பக்கம் திரும்பியதும் அந்த வாசனை வந்தது. எத்தனை நாளாயிற்று தெரியுமா, பெட்ரோல் வாசனையை இப்படி நெஞ்சு நிறைய இழுத்து. மகன் காரில் அது வரவே வராது. வந்தால் ஏதோ கோளாறு என்று அர்த்தம். எங்கள் காலத்து வண்டியில் வராவிட்டால்தான் கோளாறு. சீட்டில், சட்டையில், சாப்பாட்டுத் தூக்கில்கூட அந்த வாசனைதான். கல்யாணமான புதிதில் என் மனைவி, "நீங்க வாசலுக்கு வர்றதுக்கு முந்தி உங்க வாசன வந்துடுது" என்பாள். பாராட்டு என்று கொஞ்ச நாள் நினைத்துக்கொண்டிருந்தேன்.

உங்களுக்குக் கார் ஓட்டத் தெரியாவிட்டாலும் பரவாயில்லை, ஒன்றே ஒன்றை மட்டும் சொல்லிவிடுகிறேன். பெட்ரோலையும் காற்றையும் கலந்து இன்ஜினுக்குக் கொடுக்கிற பாத்திரம்தான் கார்புரேட்டர். அது கண்ணளவில் உப்புப் போடுகிற சமையல்காரர். நாள் நன்றாக இருந்தால் ருசியாக இருக்கும். வெயிலோ குளிரோ கூடினால் கணக்குத் தப்பும், நாம்தான் பக்கத்தில் நின்று சரிசெய்ய வேண்டும். இப்போது வருகிற இன்ஜெக்‌ஷனில் ஒரு சின்ன கம்ப்யூட்டர் உட்கார்ந்துகொண்டு, எவ்வளவு சூடு, எவ்வளவு காற்று என்று பார்த்துப் பார்த்துப் பெட்ரோலைப் பீச்சுகிறது. ஓட்டுகிறவனை அது எதுவும் கேட்பதில்லை. கேட்காமல் இருப்பதே நல்லது என்று நினைக்கிறவன் நான். ஏன் என்று சொல்கிறேன்.

அப்போது திருத்தணியில் மலையடிவாரத்தில் எங்கள் ஸ்டாண்டு. ஆறு கார்கள், எல்லாம் அம்பாசிடர். சித்திரை வெயிலில் ஐந்து பேரை ஏற்றிக்கொண்டு இரண்டாவது கியரில் மலை ஏறினால், மேலே போய்ச் சேருவதற்குள் குழாயில் இருக்கிற பெட்ரோல் கொதித்து ஆவியாகிவிடும். ஆவி அடைத்துக்கொண்டால் பெட்ரோல் போகாது, வண்டி நின்றுவிடும். இதற்கு வேப்பர் என்று பெயர். ஈரத்துணியைப் பெட்ரோல் பம்ப் மேல் சுற்றி, கால் மணி நேரம் காத்திருந்தால் சரியாகிவிடும். வெயில் செய்கிற வேலை என்பதால் டிரைவர்மேல் குற்றம் சொல்ல முடியாது. அதனாலேயே அந்த வார்த்தை எங்களுக்குச் செல்லப்பிள்ளை ஆகிவிட்டது. பெட்ரோல் தீர்ந்து நின்றாலும் வேப்பர், வீட்டில் தூங்கிவிட்டு லேட்டாக வந்தாலும் வேப்பர். ஒருமுறை நகரியிலிருந்து வந்த ஒரு அம்மா, "வேப்பர் அடிச்சிருச்சும்மா" என்று நான் சொன்னதைக் கேட்டுவிட்டு, ரோட்டோரம் போய் ஒரு கொத்து வேப்பிலை ஒடித்துக்கொண்டு வந்து பானட்டில் செருகிக் கும்பிட்டார். அப்புறம் வண்டி கிளம்பியது. அவர் இன்றைக்கும் வேப்பிலையால்தான் கிளம்பியது என்று சொல்லிக்கொண்டிருப்பார்.

வேப்பர் வெயிலின் குற்றம் என்றால், குளிரில் நடக்கிற ஒன்று முழுக்க முழுக்க டிரைவர் குற்றம். அது சோக். டேஷ்போர்டில் ஒரு சின்னக் குமிழ். அதை இழுத்தால் காற்று குறைந்து பெட்ரோல் கூடும். பனிக்காலையில் இன்ஜின் எழுந்திருக்க அது வேண்டும். எழுந்து சூடான பிறகு குமிழை உள்ளே தள்ளிவிட வேண்டும். தள்ள மறந்தால் புகை கறுக்கும், தீப்பொறி தருகிற பிளக்கில் கரி பிடிக்கும், கொஞ்ச தூரத்தில் வண்டி பெட்ரோலைக் குடித்துக் குடித்தே மூச்சு முட்டி நின்றுவிடும். பிளக்கைக் கழற்றித் துடைத்துக் காயவைக்கிற வரைக்கும் கிளம்பாது. அப்படி மறக்கிறவனை எங்கள் ஸ்டாண்டில் டிரைவர் என்றே சொல்ல மாட்டார்கள்.

இனி பாவாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். பாவா என்றால் என் அக்கா வீட்டுக்காரர். ஆந்திரா எட்டிப் பார்க்கிற தூரத்தில் இருப்பதால் எங்கள் வீட்டுக்குள் வந்துவிட்ட வார்த்தை அது. அவருக்குப் பள்ளிப்பட்டுக்கு இந்தப் பக்கம் மெயின் ரோட்டை ஒட்டிய ஒரு ஊர். நெசவுக் குடும்பம். அப்பாவோடு தறியில் உட்கார்ந்தவர், ஒருநாள் தறி வேண்டாமென்று எழுந்து, அக்காவைக் கூட்டிக்கொண்டு திருத்தணிக்கு வந்து ஒரு ஜவுளிக்கடையில் சேல்ஸ்மேனாகச் சேர்ந்துவிட்டார். "தறிய வுட்டுப் போறவன் திரும்ப இந்த வாசப்படி மிதிக்கக் கூடாது" என்று அவருடைய அப்பா சொன்னார். பாவாவும் மிதிக்கவில்லை. ஏழு வருஷம். அப்பாவும் பிள்ளையும் ஒரே ஜாடை, பிடிவாதத்திலும்.

நான் ஓட்டிய அம்பாசிடரை எனக்கு வாங்கிக் கொடுத்தவரும் பாவாதான். வாங்கி என்றால் விலைக்கு இல்லை. கார் முதலாளி ஜவுளிக்கடைக்கு வருகிறவர். "என் மச்சான் கையில குடுங்க, கொழந்த மாதிரி பாத்துக்குவான்" என்று சொல்லிச் சாவியை வாங்கி என் உள்ளங்கையில் வைத்தார். எனக்கு அப்போது இருபத்து நான்கு வயது. அந்தச் சாவி கைக்கு வந்து மூன்று மாதம்தான் ஆகியிருந்தது.

தை மாதம். விடிந்தும் விடியாத பனி. பள்ளிப்பட்டு பக்கத்திலிருந்து பால் வண்டியில் வந்த ஒருவர் அக்கா வீட்டுக் கதவைத் தட்டி, "நைனாக்கு மூச்சு வாங்குது. உன்னத்தான் கேட்டுகினு இருக்காரு. சீக்கிரம் வரச் சொன்னாங்க" என்று சொல்லிவிட்டுப் போனாராம். நைனா என்றது பாவாவின் அப்பாவை. பாவா சட்டையை மாட்டிக்கொண்டே என் வீட்டுக்கு ஓடி வந்தார். அக்கா பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பிவிட்டு மத்தியானம் வருவதாக ஏற்பாடு. நான் வண்டியில் ஏறி, சோக்கை இழுத்து, ஸ்டார்ட் செய்தேன். முதல் தடவையிலேயே எழுந்தது. பாவா என் பக்கத்தில் உட்கார்ந்து கதவைச் சாத்தினார்.

பாவா பேசாத மனுஷர். கடையில் புடவையை விரித்துப் போடும்போது பேசுகிற நாலு வார்த்தையோடு சரி. அன்றைக்கு ஊர் எல்லை தாண்டியதும் தானாகப் பேச ஆரம்பித்தார். சின்ன வயதில் அப்பா தன்னைத் தறிக்குழியில் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு நெய்ததை, எட்டாவது பெயிலானபோது அடிக்காமல் சோளக்கதிர் வாங்கித் தந்ததை, கிளம்பி வந்த அன்று திரும்பிப் பார்த்தபோது அப்பா தறியை விட்டு எழுந்திருக்காமல் இருந்ததை. "நான் திரும்பிப் பாத்தேன் மச்சான். அவரு நிமுரல. ஆனா தறி சத்தம் நின்னு போச்சு" என்றார். ஏழு வருஷமாக எனக்குத் தெரியாத ஒரு மனுஷர் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். நான் ரோட்டையும் அவர் வாயையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டே ஓட்டினேன். பெட்ரோல் வாசனை தூக்கலாக வந்தது மூக்குக்குத் தெரிந்தது, புத்திக்கு எட்டவில்லை. கண்ணாடியில் பின்னால் மங்கலாகத் தெரிந்ததைப் பனி என்று நினைத்தேன்.

கண்டிகை தாண்டி ஒரு ஏரிக்கரை ஓரம். வண்டி இரண்டு தரம் குலுங்கியது. நின்றது.

குமிழ் நீட்டிக்கொண்டிருந்தது. வாய் திறப்பதற்கு முந்தியே என் கை அதை உள்ளே தள்ளிவிட்டது.

"இன்னா மச்சான்?"

"வேப்பர் அடிச்சிருச்சு பாவா."

எப்படி வந்தது அந்த வார்த்தை என்று எத்தனையோ தடவை யோசித்திருக்கிறேன். யோசித்து வந்த வார்த்தை இல்லை அது. மூன்று மாதத்துக்கு முன்னால் கொழந்த மாதிரி பாத்துக்குவான் என்று எனக்காகச் சொன்னவர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். எனக்கு வெட்கமாகப் போயிற்று. வெட்கத்துக்குப் பக்கத்தில் எப்போதும் ஒரு வேப்பர் இருக்கும், எடுத்துக்கொண்டேன்.

பொய் சொன்ன பிறகு அதற்கு ஏற்ற மாதிரி நடக்கவும் வேண்டுமே. துண்டை எடுத்துப் போய் ஏரியில் நனைத்து வந்து, பல் கிட்டுகிற அந்தக் குளிரில், ஏற்கெனவே சில்லென்று இருந்த பெட்ரோல் பம்ப் மேல் சுற்றினேன். பார்ப்பதற்குப் பைத்தியக்காரத்தனமாக இருந்திருக்கும். வண்டி தெரிந்தவர் யாராவது பார்த்திருந்தால் சிரித்திருப்பார்கள். பாவா நம்பினார். துணி பிழிந்த தண்ணீர் என் கையிலிருந்து சொட்டுவதைப் பார்த்து, "ஜில்லுனு இருக்குது போல" என்று தன் கைக்குட்டையை நீட்டினார்.

அப்போதுதான் பள்ளிப்பட்டு பஸ் வந்தது. பாவா கையைக் காட்டாமலே பஸ் எங்கள் பக்கத்தில் நின்றது. டிரைவர் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டினார்.

"இன்னாபா ஆச்சு?"

"வேப்பர்ணா."

அவர் ஒரு தடவை ஏரியைப் பார்த்தார். அதன்மேல் இன்னும் பனி கலையவில்லை. மூக்கை உறிஞ்சினார்.

"இந்தப் பனியிலயா? பெட்ரோல் வாசன இங்க வரைக்கும் வருது" என்றார். என் முகத்தைப் பார்த்துக் கொஞ்சமாகச் சிரித்தார். தொழில் தெரிந்தவன் தொழில் தெரிந்தவனைப் பார்த்துச் சிரிக்கிற சிரிப்பு.

பாவா படியில் ஒரு காலை வைத்துவிட்டார். "ஏறிடட்டுமா மச்சான்? நீ பின்னாடி வண்டிய எடுத்துகினு வா."

சரி என்று ஒரு வார்த்தை. அவ்வளவுதான் வேண்டியிருந்தது. ஆனால் என் கண்ணில் பட்டது வேறு. படிக்குப் பக்கத்து சீட் காலி. பாவா அதில் உட்காருவார். டிரைவர் பேச்சுக் கொடுப்பார். 'உங்காளு சோக்க தள்ள மறந்துட்டு வேப்பர்ன்றான்' என்பார். இது ஒன்றுதான் அந்த நேரத்தில் எனக்குத் தோன்றியது. சாகக் கிடக்கிற மனுஷரின் ஞாபகம் எனக்கு வரவில்லை. இதை இப்போது எழுதும்போதும் கை கூசுகிறது.

"அஞ்சே நிமிஷம் பாவா. பஸ்ஸு நின்னு நின்னு போவும். நாம முந்திடலாம்" என்றேன்.

பாவா காலைக் கீழே எடுத்தார். பஸ் போய்விட்டது.

ஐந்து நிமிஷம் முக்கால் மணி நேரம் ஆயிற்று. பிளக்குகளைக் கழற்றித் துடைத்தேன், ஊதினேன், தீக்குச்சி கொளுத்திக் காய்ச்சினேன். "வேப்பருக்கு இதெல்லாம் கழட்டணுமா?" என்று பாவா கேட்டார். கழற்றணும் என்றேன். அவர் ரோட்டில் கொஞ்ச தூரம் நடப்பதும் திரும்பி வருவதுமாக இருந்தார். என்னைத் திட்டவில்லை. அவசரப்படுத்தவும் இல்லை.

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது வாசலில் பத்துப் பேர் நின்றிருந்தார்கள். உள்ளிருந்து அழுகை கேட்டது. உயிர் போய் ஒரு கால் மணி நேரம் ஆகியிருந்தது. பாவாவின் அம்மா அவர் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார்: "பஸ்ஸு நின்ன சத்தம் கேட்டு கண்ண தொறந்தாருடா. பெரியவன் வந்துட்டான்னாரு. வாசலையே பாத்துகினு இருந்தாரு. ஏதோ சொல்லணும்னாரு. எங்கிட்ட சொல்லுன்னேன். அவன் வரட்டும்னுட்டாரு."

நான் வாசலிலேயே நின்றுவிட்டேன். கையில் கரி அப்பியிருந்தது. கழுவத் தண்ணீர் கேட்கத் தோன்றவில்லை.

அதற்குப் பிறகு பாவா ஜவுளிக்கடை வேலையை விட்டார். அக்காவோடு அந்த வீட்டுக்கே போய்விட்டார். அப்பாவின் குழித்தறியில் சில வருஷம் நெய்தார். அப்புறம் எல்லோரையும் போல பவர்லூம் போட்டார். முப்பது வருஷமாக அந்தச் சத்தத்துக்குள் நின்று நின்று இப்போது காது பெரும்பாலும் கேட்பதில்லை. அப்பா கடைசியாக என்ன சொல்ல நினைத்தார் என்பது மட்டும் அவரை விடவில்லை. காது நன்றாகக் கேட்ட காலத்தில் நான் போகும்போதெல்லாம், எப்போதாவது ஒரு பேச்சுக்கு நடுவில், "இன்னா சொல்லியிருப்பாரு மச்சான்? வாடானு சொல்லியிருப்பாரா, ஏண்டா வந்தேனு கேட்டிருப்பாரா?" என்பார். எனக்குத் தெரியும் என்பது போல என் முகத்தைப் பார்ப்பார். சொந்தக்காரர்கள் யாராவது அன்றைய தாமதத்தைப் பற்றிப் பேச்செடுத்தால் அவரே குறுக்கே விழுந்து, "வண்டி இன்னா பண்ணும்? வேப்பர் அடிச்சிருச்சு. மச்சான் அந்தக் குளிர்ல ஏரித் தண்ணில துணிய நனச்சி நனச்சி சுத்தினான், பாவம்" என்பார். அதைக் கேட்கும்போது அந்த இடத்திலேயே செத்துப்போகலாம் போல இருக்கும். ஆனாலும் வாயைத் திறந்ததில்லை.

அதனால்தான் பழைய டிரைவர்கள் சேர்ந்து உட்கார்ந்து, "கார்ப்ரேட்டரு மாதிரி வருமா? ஊதி மாட்டினா ஓடும். இது இன்னா இன்செக்சனு, கைய வைக்க முடியல" என்று பேசும்போது நான் டீயைக் குடித்துக்கொண்டு சும்மா இருப்பேன். அவர்கள் சொல்வதில் பொய் இல்லை. நானும் எத்தனையோ கார்புரேட்டரை ரோட்டிலேயே பிரித்து, அதற்குள் இருக்கிற ஊசித்துளை ஜெட்டை வாயால் ஊதி, நாக்கில் பெட்ரோல் எரிய மாட்டியவன்தான். ஆனால் கையை வைக்க இடமிருந்ததால்தானே கை தப்பு செய்தது. அன்றைக்கு அந்த வண்டியில் இன்ஜெக்‌ஷன் இருந்திருந்தால் இழுக்க ஒரு குமிழ் இருந்திருக்காது. மறக்க ஒன்றும் இருந்திருக்காது. பாவா பேசப் பேச நான் கேட்டுக்கொண்டே போயிருப்பேன். ஏழரை மணிக்கெல்லாம் அவர் அந்த வாசப்படியை மிதித்திருப்பார்.

போன வாரத்துக்கு வருகிறேன். ஆள் வந்தார். கையடக்கமான ஒன்றை ஸ்டீயரிங்குக்குக் கீழே செருகிப் பார்த்துவிட்டு, "சென்சார் போயிருச்சு சார், ஷெட்டுக்குத்தான் எடுத்துட்டுப் போவணும்" என்றார். யாராவது ஏதாவது தப்பு செய்தோமா என்று கேட்டேன். "நீங்க இன்னா சார் பண்ண முடியும்? அதுவா போறதுதான்" என்றார். காரை ஒரு லாரியின் முதுகில் ஏற்றிக்கொண்டு போய்விட்டார். யார்மேலும் பழி இல்லாமல் ஒரு வண்டி நிற்பதை அன்றைக்குத்தான் நின்று பார்த்தேன். பொறாமையாக இருந்தது.

நாங்கள் போய்க்கொண்டிருந்ததே பாவாவைப் பார்க்கத்தான். பஸ் பிடித்துப் போனோம். அந்த ஏரிக்கரையைத் தாண்டும்போது, இன்றைக்குச் சொல்லிவிடுவது என்று முடிவு செய்தேன். எனக்கும் அறுபது நெருங்குகிறது, அவருக்கு எழுபது ஆகிவிட்டது.

பாவா பவர்லூம் ஓடுகிற அறைக்கு வெளியே ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். அக்கா எங்களைப் பார்த்ததும் காபி போட உள்ளே போனாள். நான் அவர் காதோரம் குனிந்தேன்.

"பாவா, அன்னைக்கு வேப்பர் இல்ல. நான் சோக்க இழுத்துட்டு தள்ள மறந்துட்டேன்."

"இன்னா?"

"சோக்கு பாவா. சோக்கு."

அவர் முகம் மலர்ந்தது. "ஆங், சோக்கான வண்டி அது. நீயும் சோக்காதான் ஓட்டுவ" என்றார். என் தோளைத் தட்டினார்.

மகன் சிரித்துவிட்டான். "சோக்குன்னா இன்னாப்பா?" என்றான். ஒரு தாளில் எழுதிக் காட்டலாம் என்று நினைத்தேன். எழுதினாலும் என்ன எழுதுவது? கார் ஓட்டுகிற மகனுக்கே தெரியாத ஒன்று, பாவாவுக்கு எப்படித் தெரியும்? ஏதாவது ஒரு வண்டிக்கு அழைத்துப் போய், இதோ இதைத்தான் என்று தொட்டுக் காட்டினால் புரியும். எந்த வண்டியில் இருக்கிறது இப்போது? ஸ்டாண்டில் இருந்த ஆறு கார்களும் காயலான் கடைக்குப் போய்ப் பல வருஷம் ஆயிற்று. அந்தக் குமிழும் போய்விட்டது, என் குற்றத்துக்குப் பேராக இருந்த வார்த்தையும் போய்விட்டது. குற்றம் மட்டும் என்னிடம் இருக்கிறது.

வேறு வழி தெரியாமல் கையால் காட்டினேன். காற்றில் ஒரு குமிழைப் பிடித்து என் பக்கமாக இழுத்தேன். இழுத்து அப்படியே நிறுத்தினேன்.

பாவா என் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் வலது கை தானாக எழுந்து, என் கை மாதிரியே காற்றில் இல்லாத ஒரு கயிற்றைப் பிடித்துச் சுண்டி இழுத்தது. குழித்தறியில் குறுக்கு நூலோடு நாடா ஓட இழுக்கிற கயிறு.

"ஆங்" என்றார். "நைனா இப்பிடித்தான் இழுப்பாரு."

அவர் கண் கலங்கியிருந்தது. இன்னும் என் கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். நான் இன்னொரு தரம் இழுத்துக் காட்டினேன்.